பந்து இல்லாதவனுக்குப் பரிவட்டம் கிடையாது

இடம்: அமெரிக்கா, நெப்ராஸ்கா மாநிலம், ஒமாஹா. 2024 டிசம்பர் 14, சனிக்கிழமை இரவு ஏழு மணி.

மாமனார்: ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். முப்பது வருஷம் பாடம் எடுத்ததைவிட, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்ததைத்தான் பெருமையாகச் சொல்வார். ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார்.

மாப்பிள்ளை: லிங்கன் நகரில் எம்.எஸ். படித்தவர். பட்டம் வாங்கினாரோ இல்லையோ, அங்கிருக்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் சிவப்புச் சட்டை ஒன்பது வாங்கினார்.

மகள் கடைக்குப் போயிருக்கிறாள். அதனால் இந்தப் பேச்சை நிறுத்த வீட்டில் ஆள் இல்லை.

மாமனார்: என்ன மாப்ளே, கோட்டு சூட்டு போட்டு நாலு பையங்க உக்காந்திருக்காங்க. மேட்ச் எங்க?

மாப்பிள்ளை: மேட்ச் இல்ல மாமா, ஹைஸ்மன் கோப்பை. காலேஜ் ஃபுட்பால்ல, அதாவது பந்தைக் கையில எடுத்துக்கிட்டு ஓடுற அமெரிக்க ஃபுட்பால்ல, இந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் யாருன்னு நியூயார்க்ல சொல்லப் போறாங்க. 1935லேர்ந்து குடுக்கிறாங்க.

மாமனார்: நல்ல விஷயம்தானே. நீங்க ஏன் உர்ருன்னு இருக்கீங்க?

மாப்பிள்ளை: சிறந்த ஆட்டக்காரனுக்குக் குடுத்தா நான் ஏன் உர்ருன்னு இருக்கப் போறேன்? எவன் கையில பந்து இருக்கோ அவனுக்குத்தான் குடுப்பாங்க. 2000லேர்ந்து போன வருஷம் வரைக்கும் 24 விருது. அதுல 20 பேர் குவாட்டர்பேக்.

மாமனார்: குவாட்...

மாப்பிள்ளை: வேணாம் மாமா. அந்த ஜோக்கை எல்லாரும் சொல்லியாச்சு.

மாமனார்: நான் வாயையே திறக்கலையே.

மாப்பிள்ளை: பந்தை எறியறவன் மாமா. 2000ல வாங்கின கிறிஸ் வெயின்கிக்கு 28 வயசு.

மாமனார்: இருபத்தெட்டு வயசுல காலேஜா? எத்தனை அரியர்?

மாப்பிள்ளை: அரியர் இல்ல. நடுவுல சில வருஷம் பேஸ்பால் ஆடப் போயிட்டு வந்தாரு. என் ஆதங்கம் அது இல்ல. அந்த எறியறவன் நிம்மதியா எறியணும்னா, அவனுக்கு முன்னால அஞ்சு பேர், ஆளுக்கு நூத்தி நாப்பது கிலோ, எதிரணியை முட்டித் தள்ளிக்கிட்டே நிக்கணும். லைன்மேன்னு பேரு. ஹைஸ்மனோட இந்தத் தொண்ணூறு வருஷத்துல அந்த அஞ்சு இடத்துல நின்ன ஒருத்தனுக்கும் கோப்பை கிடைச்சதில்ல.

மாமனார்: புரிஞ்சு போச்சு. எங்க ஊரு ஆண்டாள் தேருதான். வடம் பிடிக்கிறவங்களை ஊரே பார்க்கும். சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புறவன் கொஞ்சம் அசந்தா கால் போயிரும். அவன் இல்லைன்னா தேரு எவன் வீட்டுத் திண்ணையிலயாவது ஏறி நிக்கும். பரிவட்டம் யாருக்கு? சட்டை கசங்காம மேல நிக்கிறவருக்கு.

மாப்பிள்ளை: மாமா! பதினஞ்சு வருஷமா இதை ஆபீஸ்ல புரிய வைக்கப் பார்க்கிறேன். கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருக்கு.

மாமனார்: வேணாம், காபி கொட்டிரும். அந்த லைன்மேனுக்கு மார்க் எப்படிப் போடுறாங்க?

மாப்பிள்ளை: மார்க்கே கிடையாது. ஒழுங்கா வேலை செஞ்சா எங்கயும் எழுத மாட்டாங்க. தப்புப் பண்ணினா மட்டும் நடுவர் அவன் நம்பரைச் சொல்லி ஸ்டேடியம் பூரா மைக்குல அறிவிப்பாரு.

மாமனார்: தேர்தல் டூட்டியும் அப்படித்தான். சரி, வாக்காளர்ப் பட்டியலுக்கு வாங்க. யாரு ஓட்டுப் போடுறது?

மாப்பிள்ளை: பத்திரிகை, டி.வி.க்காரங்க 870 பேர். முன்னாடி கோப்பை வாங்கி இன்னும் உயிரோட இருக்கிறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு.

மாமனார்: பொதுமக்கள்?

மாப்பிள்ளை: அவங்களுக்கும் ஒண்ணு.

மாமனார்: ஆளுக்கா?

மாப்பிள்ளை: எல்லாருக்கும் சேர்த்து.

(மாமனார் டம்ளரைக் கீழே வைக்கிறார். ஒரு பழைய அதிகாரியின் முதுகு நிமிர்கிறது.)

மாமனார்: முப்பத்துச் சொச்சம் கோடிப் பேருக்கு ஒரு ஓட்டு. மை யாரு விரல்ல வைப்பாங்க?

மாப்பிள்ளை: இன்னும் கேளுங்க. நாட்டை ஆறு மண்டலமாப் பிரிச்சு, மண்டலத்துக்கு 145 பத்திரிகைக்காரங்க. அலபாமா, ஜார்ஜியா பக்கம் கல்யாணத் தேதியே மேட்ச் இல்லாத சனிக்கிழமையாப் பார்த்துத்தான் குறிப்பாங்க. வடகிழக்குல அந்த வெறி கிடையாது. ரெண்டு பக்கத்துக்கும் அதே 145.

மாமனார்: தொகுதி மறுவரையறை பண்ணணும். அது எங்க ஊர்லயும் வில்லங்கமான பேச்சு, விடுங்க. இவங்க எல்லா மேட்சும் பார்ப்பாங்களா?

மாப்பிள்ளை: மேல்மட்டத்துல மட்டும் 130 அணிக்கு மேல இருக்கு. முக்கால்வாசி மேட்ச் சனிக்கிழமைதான். கலிபோர்னியாவுல ராத்திரி மேட்ச் முடியறப்ப நியூயார்க்ல மணி ஒண்ணரை. ஓட்டுப் போடறவன் குறட்டை விட்டுக்கிட்டு இருப்பான். காலையில எந்திரிச்சு ஸ்கோர் பட்டியலைப் பார்ப்பான். லைன்மேன் பேரு அதுல எங்க இருக்கும்?

மாமனார்: ஆக, பூத்துக்கே வராம ஓட்டு.

மாப்பிள்ளை: 2009ல நடந்தது இன்னும் மோசம். எங்க சூ! இண்டாமுகன் சூ!

மாமனார்: ஆறுமுகன் தெரியும். இவரு யாரு?

மாப்பிள்ளை: எங்க நெப்ராஸ்கா டிஃபென்சிவ் டாக்கிள். எதிரணி லைன்மேனை இடிச்சுத் தள்ளிட்டு உள்ள போயி குவாட்டர்பேக்கைச் சாய்க்கிறவரு. டிசம்பர் 5, பிக்-12ங்கிற லீக்கோட இறுதிப் போட்டி. எதிரணி டெக்சஸ். அவங்க குவாட்டர்பேக் கோல்ட் மெக்காய்க்கும் அந்த வருஷம் ஹைஸ்மன் பேச்சு இருந்துச்சு. சூ அவரை அந்த ஒரே மேட்ச்ல நாலரை தடவை சாய்ச்சாரு!

மாமனார்: நாலரையா? அரைத் தடவைன்னா, தலை கீழயும் கால் மேலயுமா நின்னுட்டானா?

மாப்பிள்ளை: ரெண்டு பேர் சேர்ந்து சாய்ச்சா ஆளுக்குப் பாதி மாமா.

மாமனார்: பயணப்படி கணக்குல நாங்க இப்படித்தான் எழுதுவோம். ஜெயிச்சீங்கள்ல?

(மாப்பிள்ளை பதில் சொல்ல நேரம் எடுக்கிறார்.)

மாப்பிள்ளை: 12-10னு முன்னால இருந்தோம். நேரம் முடிஞ்சுது. எங்காளுங்க மைதானத்துக்குள்ள ஓடி வந்துட்டாங்க. வீடியோவைப் பார்த்துட்டு, இன்னும் ஒரு செகண்ட் பாக்கி இருக்குன்னாங்க. அந்த ஒரு செகண்ட்ல பந்தை உதைச்சு மூணு பாயிண்ட் எடுத்துட்டாங்க. 13-12.

மாமனார்: அடப்பாவிகளா. தபால் ஓட்டுல தோத்த மாதிரியில்ல இருக்கு. சரி, ஆறுமுகனுக்கு விருது?

மாப்பிள்ளை: நாலாவது இடம். பந்தை எடுத்துக்கிட்டு ஓடுற அலபாமா ரன்னிங் பேக் மார்க் இன்கிராமுக்குக் கோப்பை. இத்தனைக்கும் ஏ.பி. செய்தி நிறுவனம் அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டக்காரர்னு சூவைத்தான் சொல்லுச்சு.

மாமனார்: அதுக்கு ஓட்டுப் போட்டவங்களும் பத்திரிகைக்காரங்கதானே? அங்க முதல், இங்க நாலாவதா?

மாப்பிள்ளை: அதைத்தான் நானும் கேக்கிறேன்!

மாமனார்: நம்ம நெப்ராஸ்காவுல யாருமே இதை வாங்கினதில்லையா?

மாப்பிள்ளை: ஏன் இல்லாம? மூணு பேர். 1972 ஜானி ராட்ஜர்ஸ், 1983 மைக் ரோசியர், 2001 எரிக் கிரவுச்.

மாமனார்: கிரவுச் எந்த இடத்துல ஆடினாரு?

மாப்பிள்ளை: (மெதுவாக) ...பேக்.

மாமனார்: காது கேக்கல.

மாப்பிள்ளை: குவாட்டர்பேக்.

மாமனார்: நல்லா எறிவாரோ?

மாப்பிள்ளை: அந்த வருஷம் 7 டச் டவுன் எறிஞ்சாரு. நம்ம கோல் மாதிரி.

மாமனார்: எதிரணிக்காரன் கையில போயி விழுந்தது?

மாப்பிள்ளை: 10. ஆனா பந்தை எடுத்துக்கிட்டு ஓடி 18 டச் டவுன் போட்டாரு!

மாமனார்: ஓட்டெடுப்புக்கு முன்னால கடைசி மேட்ச்?

மாப்பிள்ளை: கொலராடோகிட்ட 62-36.

மாமனார்: ஜெயிச்சு?

மாப்பிள்ளை: தோத்து.

மாமனார்: அந்த வருஷம் மட்டும் விருது நியாயமா நடந்துச்சாக்கும்.

மாப்பிள்ளை: அது வேற மாமா. அவரோட போட்டி போட்ட ஆளுக்கு என்ன பண்ணினாங்க தெரியுமா? ஓரிகன் பல்கலைக்கழகத்து ஜோயி ஹாரிங்டன். நியூயார்க் நடுவுல பத்து மாடி உயரத்துக்கு அவர் படம். இரண்டரை லட்சம் டாலர் செலவு.

மாமனார்: கட்-அவுட்டு! இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இன்னும் மரியாதையா உக்காந்திருப்பேனே. ஜெயிச்சாரா?

மாப்பிள்ளை: நாலாவது.

மாமனார்: பால் ஊத்தியிருக்க மாட்டாங்க.

மாப்பிள்ளை: அதுக்கும் முன்னாடி 1970ல, நோட்ர டேம் குவாட்டர்பேக் ஜோ தீஸ்மன். ஹைஸ்மனோட எதுகை சேரட்டும்னு காலேஜ்ல அவரை தைஸ்மன்னு கூப்பிட வெச்சாங்க.

மாமனார்: நியூமராலஜி பார்த்தாங்களோ?

மாப்பிள்ளை: ரெண்டாவதுதான் வந்தாரு.

மாமனார்: உச்சரிப்பை மட்டும் மாத்தினா வேலைக்காகாது. எழுத்துல ஒண்ணு கூட்டியிருக்கணும்.

மாப்பிள்ளை: தடுக்கிற ஆளு கிட்டத்துல வரணும்னா ஆட்டம் மட்டும் போதாது, கூட ஒரு கதை வேணும். 2012ல அதே நோட்ர டேம், மான்டை டேயோன்னு ஒரு லைன்பேக்கர். பாட்டியும் காதலியும் அடுத்தடுத்து இறந்துட்டாங்க, அந்தத் துக்கத்துலயும் பையன் ஆடுறான்னு எல்லாப் பத்திரிகையும் உருகி உருகி எழுதுச்சு. ரெண்டாவது இடம். அடுத்த மாசம் பார்த்தா, பாட்டி நிஜம், காதலின்னு ஒரு பொண்ணே கிடையாது. யாரோ இன்டர்நெட்ல பொய்ப் பேர்ல அந்தப் பையனை ஏமாத்தியிருக்காங்க.

மாமனார்: பாவம் அந்தப் பையன். செத்துப்போன ஆளு பேர்ல ஓட்டுப் போட்டதைப் பார்த்திருக்கேன் மாப்ளே. பிறக்காத ஆளுக்கு இரங்கல் எழுதினதை இப்பத்தான் கேக்கிறேன். எழுதினவங்கதானே ஓட்டும் போட்டாங்க?

மாப்பிள்ளை: அவங்கதான். அதுவும் சீசன் முழுசா முடியறதுக்கு முன்னாலயே போட்டுருவாங்க. 2005ல ரெஜி புஷ்ஷுக்குக் குடுத்தாங்க, வின்ஸ் யங் ரெண்டாவது. ஒரு மாசம்கூட ஆகல, ரோஸ் பவுல்ங்கிற இறுதிப் போட்டியில ரெண்டு பேரும் எதிரெதிரா ஆடினாங்க. யங் தனி ஆளா 467 கெஜம். அவரோட டெக்சஸ் 41-38னு ஜெயிச்சுது. அப்புறம் புஷ் விதிகளை மீறிச் சலுகை வாங்கினதா விவகாரமாகி 2010ல கோப்பையைத் திருப்பிக் குடுத்தாரு. இந்த வருஷம் ஏப்ரல்ல மறுபடியும் அவருக்கே குடுத்துட்டாங்க.

மாமனார்: நடுவுல பதினாலு வருஷம்?

மாப்பிள்ளை: காலி.

மாமனார்: தேர்தல் செல்லாதுன்னா இடைத்தேர்தல் வைக்கணும். இல்ல, ரெண்டாவது வந்தவருக்காவது குடுக்கணும். பதினாலு வருஷம் நாற்காலி காலியாக் கிடக்க அது என்ன பரதன் ஆண்ட அயோத்தியா?

(டி.வி.யில் கோப்பையை நெருக்கத்தில் காட்டுகிறார்கள்.)

மாமனார்: நில்லுங்க. அந்தச் சிலையைப் பாருங்க. ஒரு கையில பந்தை இடுக்கிக்கிட்டு, மறு கையை நீட்டி எவனையோ தள்ளிக்கிட்டு ஓடுறான்.

மாப்பிள்ளை: ஆமா, 1935லேர்ந்து அதே சிலை.

மாமனார்: தள்ளுப்பட்டவன் எங்க? அவனைச் செதுக்கவே இல்லையே! விருதிலயே ஒருத்தனை விட்டுட்டாங்க, நீங்க வாக்காளரைத் திட்டிக்கிட்டு இருக்கீங்க.

மாப்பிள்ளை: (எழுந்து டி.வி. பக்கத்தில் போய்ப் பார்த்து) ஆமால்ல.

மாமனார்: முதல்ல வாங்கினவரு அதை எங்க வெச்சிருந்தாரு?

மாப்பிள்ளை: ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழகம். அவங்க அத்தை வீட்டுல கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுத்து வெச்சிருந்ததாச் சொல்லுவாங்க.

மாமனார்: பார்த்தீங்களா? அந்த அம்மாவுக்குத்தான் முட்டுக்கட்டையோட அருமை தெரிஞ்சிருக்கு.

(அறிவிப்பு வருகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்து டிராவிஸ் ஹன்டர்.)

மாமனார்: இவரு என்ன ஆட்டக்காரர்?

மாப்பிள்ளை: கார்னர்பேக். தடுக்கிற ஆளு. கூடவே ரிசீவர், பந்தைப் பிடிக்கிற ஆளு. ரெண்டு பக்கமும் ஆடுறாரு. 1997ல சார்ல்ஸ் உட்சனுக்கு அப்புறம் தடுப்பாட்டக்காரர் ஒருத்தர் வாங்கறது இப்பத்தான். உட்சனும் கூடவே பந்தைப் பிடிச்சு ஓடினவருதான்.

மாமனார்: அதாவது, தடுக்கிற ஆளு ஜெயிக்கணும்னா ரெண்டு ஷிப்ட் பார்க்கணும். சரி, நீங்க கேட்டது நடந்துருச்சே, கை தட்டுங்க.

மாப்பிள்ளை: எப்படி மாமா தட்டுவேன்? கொலராடோ! எங்க பரம எதிரி. செப்டம்பர்ல இதே லிங்கன்ல 28-10னு எங்ககிட்ட தோத்தவங்க. நியாயமாப் பார்த்தா பாய்சி ஸ்டேட் ஆஷ்டன் ஜென்டிக்குக் குடுத்திருக்கணும். ஓடியே 2,497 கெஜம் மாமா!

மாமனார்: அவரு கையில பந்து இருக்குமா?

மாப்பிள்ளை: ...இருக்கும்.

மாமனார்: ம்.

மாப்பிள்ளை: இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க மாமா.

மாமனார்: விட்டாச்சு. முட்டித் தள்ளுறவங்களுக்குன்னு தனியா ஒரு விருதும் கிடையாதா?

மாப்பிள்ளை: நிறைய இருக்கு. லைன்மேனுக்கு அவுட்லண்ட் இருக்கு. அந்த அஞ்சு பேர்ல நடுவுல நிக்கிற சென்டருக்கு ரிமிங்டன் இருக்கு, அது எங்க நெப்ராஸ்காக்காரர் பேர்ல. முழு வரிசைக்கும் சேர்த்து ஜோ மூர் விருது இருக்கு. 2019லேர்ந்து லாங் ஸ்னாப்பருக்குக்கூடத் தனி விருது, பேட்ரிக் மனெல்லி விருதுன்னு.

மாமனார்: அது என்ன வேலை?

மாப்பிள்ளை: குனிஞ்சு நின்னு, கால் இடுக்கு வழியாப் பந்தைப் பின்னால அனுப்பணும். உதைக்கிறவருக்காகத் தூரத்துல காத்திருக்கிற கைக்குச் சரியாப் போகணும். அவ்வளவுதான் வேலை.

மாமனார்: தலை தரையைப் பார்த்து இருக்கும். மூஞ்சிகூடத் தெரியாது. அவனுக்கும் ஒரு விருது! இதுதான் மாப்ளே விருது. போன வருஷம் யாரு வாங்கினது?

(மாப்பிள்ளை ரிமோட்டைத் தேடுகிறார். ரிமோட் அவர் கையில்தான் இருக்கிறது.)

மாமனார்: மாப்ளே.

மாப்பிள்ளை: ம்?

மாமனார்: யாரு வாங்கினதுன்னு கேட்டேன்.

மாப்பிள்ளை: அதெல்லாம் யாரு மாமா பார்க்கிறா?

மாமனார்: போனைக் குடுங்க, நானே தேடிக்கிறேன். அவன் பேரு எப்படி எழுதணும்?

மாப்பிள்ளை: எவன் பேரு?

மாமனார்: அதைத்தானே கேக்கிறேன்.