லேடீஸ் பெட்டியை விட்டு ஏறிய நாள்

யார் முதலில் காதலைச் சொன்னது என்று எங்கள் வீட்டில் இருபது வருடமாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. தான்தான் என்று அவர் சாதிப்பார். எழும்பூர் பிளாட்பாரத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது, திக்கித் திணறிச் சொன்னாராம். சொன்னார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பே நான் லேடீஸ் பெட்டியை விட்டுவிட்டு ஜெனரலில் ஏற ஆரம்பித்திருந்தேன். கடற்கரை–தாம்பரம் தடத்தில் காலை எட்டரை மணிக்குப் போய்வந்த பெண்களைக் கேளுங்கள், அது எப்பேர்ப்பட்ட வாக்குமூலம் என்று சொல்வார்கள்.

2003-ஆம் வருடக் கதை இது. மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலம். நான் குரோம்பேட்டையில் ஏறி எழும்பூரில் இறங்குவேன். அவரும் குரோம்பேட்டைதான், ஆனால் கோட்டை வரை போவார். தினமும் ஒரே வண்டியில் போகிறவர்களுக்கு பிளாட்பாரத்தில் தனித்தனி இடம் உண்டு. பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி அங்கேதான் போய் நிற்பார்கள். லேடீஸ் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நான். அதை ஒட்டிய ஜெனரல் பெட்டிக்கான இடத்தில் அவர், வார் அறுந்து ஊக்கு குத்திய சாப்பாட்டுப் பையோடு. ஏழெட்டு மாதம் இப்படியே போனது. பேச்சில்லை, சிரிப்பில்லை.

அம்மாவுக்கு டைஃபாய்டு வந்து ஐந்து நாள் லீவு போட்டேன். திரும்பி வந்த அன்று, "ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். மறுநாள், "அம்மாவுக்கு எப்படி இருக்கு?" அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை நீட்டவில்லை. நான் வரவில்லை என்பது, என் ஆபீஸ் வருகைப் பதிவேட்டைத் தவிர, இந்த ஊரில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறது! அன்று வேலையே ஓடவில்லை எனக்கு.

லேடீஸ் பெட்டியில் எங்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. பூக் கட்டுகிறவர்கள், கந்த சஷ்டி கவசம் சொல்கிறவர்கள், மாமியார் புராணம் பாடுகிறவர்கள். நான் பெட்டி மாறிய நாலாவது நாள், தாம்பரத்திலிருந்து வரும் ஒரு மாமி பிளாட்பாரத்தில் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, அந்தப் பெட்டியில காத்து நல்லா வருதா?"

காற்றெல்லாம் எங்கே வந்தது? மாம்பலம் வரை நின்ற இடத்தில் மூச்சு விடுவதே பெரும்பாடு. அங்கே ஒரு கூட்டம் இறங்கிய பிறகுதான் பேச முடியும். கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கும். ஒரு வருடம் பேசியதைக் கூட்டினால் அறுபது மணி நேரம் தேறினால் அதிகம். இன்றைக்குப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் வாட்ஸ்அப்பில் இதைவிடக் கூடுதலாகப் பேசிவிடுகிறார்கள். எங்களுக்கோ இன்று விட்ட பேச்சை நாளை எடுக்க இருபத்து நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் அவர் சொன்னதைப் பத்து தடவை புரட்டிப் பார்த்துவிடலாம். கோபமாகச் சொல்ல நினைத்தது பாதி, ராத்திரியே ஆறிவிடும்.

எல்லாம் ஆறவில்லை. ஒரு முறை பெரிய சண்டை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட முடியுமா என்று அவர் அம்மா கேட்கச் சொன்னதாகக் கேட்டார். மறுநாள் நான் லேடீஸ் பெட்டிக்குத் திரும்பிவிட்டேன். இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அவர் தன் இடத்தில்தான் நின்றார். என் பக்கம் நகரவில்லை. மாமியிடம் தூது விடவில்லை. எழும்பூரில் இறங்கி என் பின்னால் வரவில்லை, ஆபீஸ் வாசலில் வந்து நிற்கவில்லை. பதினைந்தாம் நாள் நானாகத்தான் பெட்டி மாறினேன். "வேலையை விட மாட்டேன்" என்றேன். "நான் கேட்டிருக்கவே கூடாது" என்றார்.

ரயில் காதல் என்றதும் எல்லோரும் ஜன்னலோரம், மழை, ஓரக்கண் பார்வை என்று உருகுகிறார்கள். சரி, உருகட்டும். ஆனால் நான் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டது, அந்த இரண்டு வாரம் அவர் செய்யாமல் விட்டவற்றுக்காக. நம் சினிமா தலைமுறை தலைமுறையாக இதற்கு நேர் எதிரானதைத்தான் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அவள் பஸ் மாறினால் நீயும் மாறு, முறைத்தால் சிரி, விடாமல் பின்னால் போ, கடைசிப் பாட்டுக்குள் மசிந்துவிடுவாள்.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில், காலையில் வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் பரங்கிமலையில் ஒரு கல்லூரி மாணவியை, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்து வந்தவன் ரயில் முன்னால் தள்ளிக் கொன்றான். இரண்டும் எங்கள் தடம். நாங்கள் பேசிச் சிரித்துக் கடந்த ஸ்டேஷன்கள்.

அதே 2022-ல் தமிழக அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. பஸ்ஸில் பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது போன்றவற்றைச் செய்கிறவரைக் கண்டக்டர் இறக்கிவிடலாம், போலீஸில் ஒப்படைக்கலாம். "பார்த்தாலே குத்தமா?" என்று அப்போது மீம் போட்டுச் சிரித்தார்கள். பார்ப்பதற்கும் முறைப்பதற்கும் வித்தியாசம் தெரியாத பெண் ஒருத்தியையாவது காட்டுங்கள். எட்டு மாதம் பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்க்காமலா இருந்தார்? எனக்கு ஒரு நாளும் துப்பட்டாவை இழுத்துவிடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பஸ் காதல் வேறு சாதி, அதைப் பற்றி எனக்கு அனுபவம் போதாது. என் தங்கை சொல்லித்தான் தெரியும். "அவங்களுக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்" என்று காசை நீட்டுவதுதான் அங்கே முதல் படியாம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இலவசம். அந்தப் படியையும் அரசு உடைத்துவிட்டது, நல்லதுதான். டிக்கெட் எடுத்தவனுக்கு ஒரு புன்னகை பாக்கி வைக்க வேண்டியதில்லை.

அக்கா மகள் மெட்ரோவில் போகிறாள். "அதுல யாரு சித்தி யாரைப் பார்க்கிறா? எல்லார் காதுலயும் இயர்போன்" என்கிறாள். எனக்கென்னவோ இயர்போன் மேல் குற்றமில்லை என்று தோன்றுகிறது. ஒன்றை விட்டால் சில நிமிடத்தில் அடுத்தது வந்துவிடுகிறது. 'நம்ம வண்டி' என்று ஒன்று இல்லாத இடத்தில், நாம் வராததை யார் கவனிப்பார்கள்?

இப்போதும் தி.நகர் போகவேண்டுமென்றால் நாங்கள் மின்சார ரயிலில்தான் போகிறோம். நான் லேடீஸ் பெட்டியில் ஏறிவிடுகிறேன், உட்கார இடம் கிடைக்கிறது. மாம்பலத்தில் இறங்கினால் படிக்கட்டு ஓரமாகக் கட்டைப் பையோடு நின்றுகொண்டிருப்பார். "அந்தப் பெட்டியில காத்து வந்துச்சா?" என்று கேட்பார்.