ஏசி மேல் போட்ட பழி

2025 ஜூன் 3-ம் தேதி காலை. ரீடிங் எடுக்க வந்தவர் தெருமுனை கூடத் தாண்டியிருக்க மாட்டார், மொபைலில் மெசேஜ் வந்துவிட்டது. 8,487 ரூபாய். வேறு யார் வீட்டு பில்லோ மாறி வந்திருக்கிறது என்று நினைத்து சர்வீஸ் நம்பரைச் சரிபார்த்தேன். எங்களுடையதுதான். வழக்கமாக எங்கள் வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு 440 யூனிட்டை ஒட்டி வரும். 1,427 ரூபாய் கட்டிவிட்டு மறந்துவிடுவோம். இந்தத் தடவை 1,140 யூனிட்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பங்குனியில்தான் அம்மா ரூமுக்கு ஏசி வாங்கி மாட்டியிருந்தோம். எழுபத்திரண்டு வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், மதுரையில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள ரூம். அக்னி நட்சத்திரத்தில் அந்த ரூமுக்குள் நாங்களே பத்து நிமிஷம் உட்கார மாட்டோம். ஆனாலும் பில்லைப் பார்த்ததும் நான் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை, "ஏசி போட்டா இப்படித்தான் வரும்." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்க்கிறேன், ஏசி ஓடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, வாரப் பத்திரிகையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "எனக்குக் குளிரு ஒத்துக்கலப்பா" என்றார்.

மனசு ஆறவில்லை. பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்தரை, ஆறு யூனிட் இழுக்கும். அறுபது நாளைக்கு 340 என்று வைத்துக்கொண்டாலும் பழைய 440-உடன் சேர்த்து 780தான் வருகிறது. மீதி 360 யூனிட் எங்கே போனது?

அடுத்த சந்தேகம் மீட்டர். ஈபி ஆபீசுக்கே போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகவே பேசினார். பணம் கட்டினால் மீட்டரை டெஸ்ட் பண்ணித் தருவோம், அதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு அந்தச் சிவப்பு லைட்டைப் பாருங்க என்றார். பத்து வருஷமாக அந்த மீட்டருக்குக் கீழேதான் செருப்பைக் கழற்றி விடுகிறேன். அதில் ஒரு லைட் கண் சிமிட்டுவதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பக்கத்திலேயே 3200 என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. 3,200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். (சில மீட்டரில் 1600 என்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.)

சாயங்காலம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அணைத்தால் லைட்டும் அணைந்தது. அப்படியானால் மீட்டர் தானாக ஓடவில்லை, ஒயரிலும் கசிவு இல்லை. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டேன். ஃப்ரிட்ஜுக்கு நிதானமாகச் சிமிட்டியது. ஃபேனுக்கு இன்னும் நிதானம். ஆறு மணிக்குத் தானாகவே போர்வெல் மோட்டார் கிளம்பியது பாருங்கள், லைட் துடிக்க ஆரம்பித்துவிட்டது. மொபைலில் டைமர் வைத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 70. கணக்குப் போட்டால் மணிக்கு ஒண்ணேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றரை ஹெச்பி மோட்டார் அவ்வளவு இழுக்கத்தான் செய்யும், அதில் தப்பில்லை. ஆனால் அது நிற்கவே இல்லை. ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. ஒன்பது பத்துக்குத்தான் நின்றது.

ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்ப மூன்று மணி நேரம் பத்து நிமிஷம்!

முன்பெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். "சுவிட்சைப் போட்டுட்டு வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, காபி கலந்து குடிச்சா தண்ணி ரொம்பிக் கொட்டும். முக்கால் மணி நேரம்" என்றார். அந்தக் கொட்டுகிற சத்தத்துக்கு ஓட வேண்டாமே என்றுதான் இரண்டு வருஷத்துக்கு முன் நானே ஒரு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் வாங்கி மாட்டினேன். டேங்க் காலியானால் மோட்டார் தானே ஓடும், ரொம்பினால் தானே நிற்கும். வீட்டில் யாருக்கும் மோட்டாரைப் பற்றிய நினைப்பே இல்லாமல் போனது.

அப்போது என் மனைவி மெதுவாக ஒன்றை ஞாபகப்படுத்தினாள். "சித்திரைத் திருவிழா முடிஞ்ச வாரமே அத்தை சொன்னாங்க, மோட்டார் ரொம்ப நேரம் உறுமிக்கிட்டே இருக்குன்னு. நீங்கதான் வெயில் காலத்துல தண்ணி கீழ போயிருக்கும், அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்க." சொன்னது உண்மைதான். இந்தப் பதிவை அவளும் படிப்பாள் என்பதால் இந்தப் பகுதியை மறைக்க முடியவில்லை.

போர்வெல் ஆட்கள் முக்காலியும் செயினுமாக வந்து நூற்று எண்பது அடி ஹோஸையும் மேலே இழுத்தார்கள். பாதிக்கு மேல் வந்ததும் ஒருத்தர் கைகாட்டினார். "அண்ணே, இங்க பாருங்க." கேசிங் பைப் (மண் சரியாமல் இருக்க போர்வெல்லின் மேல்பகுதியில் இறக்கும் குழாய்) முடிகிற இடத்தில் உரசி உரசி விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மோட்டார் ஏற்றிய தண்ணீரில் முக்கால்வாசி அந்தக் கிழிசல் வழியாகத் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு சொட்டு வெளியே தெரியவில்லை. சுவர் நனையவில்லை, தெருவில் ஓடவில்லை. கீழேயிருந்து எடுத்துக் கீழேயே ஊற்ற, காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம் மோட்டார் ஓட்டியிருக்கிறோம்.

இனிதான் எனக்கு எரிச்சல் வந்த கணக்கு. 2025-ல் இருந்த கட்டணப் படிகள் (ஸ்லாப்) இப்படி: 500 யூனிட்டுக்குள் இருக்கிறவருக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய் அதுவும் 4.70 ஆகிவிடும். அப்புறம் 8.40, 9.45, 10.50 என்று ஏறி, ஆயிரத்துக்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 11.55. இதன்படி ஏசி மட்டும் ஓடியிருந்தால் பில் 4,581. அதாவது அம்மா தூங்கியதற்குக் கூடுதலாக 3,154 ரூபாய். கிணற்றுக்குள் திரும்ப விழுந்த தண்ணீருக்கு 3,906! வீணாய்ப் போன கரண்டு எப்போதும் மேல் ஸ்லாபில் போய்த்தான் உட்காரும். ஓட்டை ஒன்றுதான், ஆனால் 440 யூனிட் வீட்டுக்கும் 800 யூனிட் வீட்டுக்கும் அதன் விலை ஒன்று கிடையாது.

இதுகூடப் பரவாயில்லை. 2022 செப்டம்பருக்கு முன்பு 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,786 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு அறுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டியதும் வருகிற அந்தத் திடீர் ஏற்றம் 2025-ல் 235 ரூபாயாகக் குறைந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

2025 ஜூலை 1-ல் கட்டணம் 3.16 சதவீதம் ஏறியது, வீடுகளுக்கான உயர்வை அரசே தன் செலவில் ஏற்றுக்கொண்டது. அதைப் பற்றி எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் இரண்டு நாள் அடிதடி. மாமா ஒருத்தர் வழக்கம்போல, "மாசா மாசம் கணக்கெடுத்தா இந்தப் பிரச்சினையே வராது, 2021 தேர்தல்ல திமுக சொன்னாங்களே" என்று ஆரம்பித்தார். சொன்னார்கள், அதுவரை வரவில்லை, கேட்க வேண்டியதுதான். ஆனால் எந்த மாதக் கணக்கைக் கேட்கிறோம்? என் 1,140-ஐ முதல் மாதம் 420, அடுத்த மாதம் 720 என்று பிரித்துப் போட்டேன். மேலே சொன்ன ஸ்லாபை அப்படியே ஒவ்வொரு மாதத்துக்கும் கொடுத்தால் மொத்தம் 5,315. ஸ்லாபையும் பாதியாக்கி, மாதத்துக்கு 50 யூனிட் இலவசம் என்று கொடுத்தால் 8,571. இப்போது கட்டியதைவிட 84 ரூபாய் ஜாஸ்தி! மாதக் கணக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு இந்த விவரத்தைக் கேட்காமல் விட்டால் நாம் ஏமாந்துபோவோம். மாமா அதற்குத் தம்ஸ் அப் மட்டும் போட்டார்.

எனக்கு மாதக் கணக்கு வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு. மே முதல் வாரத்திலேயே ஒரு பில் வந்திருந்தால் அன்றைக்கே முழித்திருப்பேன். அறுபது நாள் கழித்து ஒரு தொகையை மட்டும் கையில் கொடுத்தால், அதில் ஏசி எது, ஓட்டை எது என்று யாரால் சொல்ல முடியும்? அரிசி டின்னில் எவ்வளவு இருக்கிறது, சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று தினமும் பார்க்கிற வீட்டில், கரண்டை மட்டும் வேற்று ஆள் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறோம். நானும் அப்படி விட்டவன்தான்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதையெல்லாம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சென்னையில் என் நண்பன் வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று ஹவுஸ் ஓனர் வாங்குகிறார். அவனுக்கு 100 யூனிட் இலவசமும் இல்லை, ஸ்லாபும் இல்லை. 2016-லிருந்து இருக்கிற சலுகை அவன் வாசல்வரை வந்து நிற்கிறது. அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

பில்லை முழுசாகக் கட்டிவிட்டேன். போர்வெல் வேலைக்குத் தனியாக 4,500. கன்ட்ரோலரைக் கழற்றவில்லை, மேனுவலில் போட்டிருக்கிறேன். சுவிட்ச் மறுபடி அம்மா கையில். நாள்காட்டித் தாளில் தினமும் அவரே எழுதுகிறார். இன்றைக்கு 6.10 முதல் 6.52 வரை. அதற்குக் கீழே மகன் மீட்டர் ரீடிங்கை எழுதுகிறான். ஏசியை 26-ல் வைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ராத்திரி படுக்கப் போகும்போது, "போடலாமாப்பா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் ரிமோட்டை எடுக்கிறார். அந்தக் கேள்வியை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

ஜூன் 3-லிருந்து நேற்று ராத்திரி வரை 361 யூனிட். 500-க்குள் நிற்காது. ஆகஸ்டு முதல் வாரம் ரீடிங் எடுத்ததும் கமெண்டில் போடுகிறேன்.