400 மில்லி கணக்கு வீட்டுப் பாட்டிலுக்கு அல்ல

மேலே உள்ள பதிவில் ஓர் அண்ணன், "சிறுநீரைப் பாட்டிலில் பிடித்து அளந்து பாருங்க, 400 மில்லிக்கு மேல வந்தா சிறுநீர்ப்பை வலி நோய் இல்ல, மனப்பிரமைதான்" என்கிறார். தப்பு அண்ணே. அந்த 400, மயக்க மருந்து கொடுத்து சிறுநீர்ப்பையை நீரால் விரிக்கும்போது அது எவ்வளவு கொள்கிறது என்ற கணக்கு. விழித்திருக்கும்போது வலி முந்திக்கொள்ளும். என் அம்மா சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குவதற்குள் இரண்டு தடவை ஓடுவார், ஒவ்வொரு தடவையும் அரை டம்ளர்கூட வராது, மயக்கத்தில் பார்த்தால் பை நன்றாகவே விரிந்தது. மயக்கத்தில் அளந்த கொள்ளளவு குறைந்தவர்களிடம் ஹன்னர் புண் (சிறுநீர்ப்பையின் உள்சுவரில் வரும் அழற்சிப் புண்) அதிகம் தென்படும், நிறைய கொள்கிறவர்களுக்கோ குடல் எரிச்சல், ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுக்க நீடிக்கும் வலி) போன்ற வேறு தொல்லைகளும் கூடவே வருவது அதிகம். இரண்டு பேருக்கும் வலி நிஜம், வகைதான் வேறு. அளந்த குறிப்பைத் தூக்கிப் போடாதீர்கள், பாலிகிளினிக் டாக்டரிடம் காட்டுங்கள்.