யார் கைக்குப் போகிறது என்று கேட்கக் கூடாதா?

"எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே வீட்டில் துப்பாக்கி செய்கிறோம், அரசாங்கத்துக்கு இதில் என்ன வேலை?" அமெரிக்காவில் வீட்டுத் துப்பாக்கி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வந்து விழும் வாதம் இதுதான். சொந்த உபயோகத்துக்குத் துப்பாக்கி செய்ய அந்நாட்டின் மத்திய சட்டம் உரிமம் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் பாட்டன் செய்த வேலையும் இன்று நடக்கும் வேலையும் ஒன்றல்ல.

நான் லேத் பட்டறையில் தொழில் பழகியவன். உலோகத்தை வெட்டிக் குடையும் மில்லிங் மெஷினில் ஒரு குழி எடுக்க வேண்டுமென்றால், ஜாப்பைப் பிடித்திருக்கும் வைஸை முதலில் டயல் வைத்து நேர் பார்க்க வேண்டும். கொஞ்சம் வெட்டி, நிறுத்தி, வெர்னியரில் அளந்து, மறுபடி வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் ஜாப் குப்பைக்குத்தான் போகும். கை பழக வருடங்கள் ஆகும். அந்த வருடங்களில் பக்கத்தில் மேஸ்திரி நிற்பார், சக தொழிலாளிகள் இருப்பார்கள். ஒருவன் என்ன செய்கிறான், எந்த மனநிலையில் இருக்கிறான் என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிடும். யாரும் சட்டம் போட்டு வைக்காத காவல் அது.

துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்க்கும் அமெரிக்கரான கோடி வில்சன் 2014இல் விற்பனைக்கு அறிவித்த 'கோஸ்ட் கன்னர்' அந்தக் காவலைத்தான் அகற்றியது. சுமார் 1,200 டாலர் விலையில், மேசை மேல் வைக்கக்கூடிய சிறிய சிஎன்சி பெட்டி, அதாவது கணினி சொல்கிறபடி தானாகவே உலோகத்தை வெட்டும் மெஷின். ஏஆர்-15 என்ற ரைஃபிள் வகைத் துப்பாக்கியில் சட்டத்தின் பார்வையில் 'துப்பாக்கி' என்பது அடிப்பகுதிக் கூடு மட்டுமே. வரிசை எண் அதில்தான் இருக்கும், மற்றப் பாகங்களைச் சோதனையின்றி வாங்கலாம். அந்தக் கூட்டையே முக்கால்வாசி முடித்து 'இது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை' என்று விற்றார்கள். மிச்ச வேலையை மெஷின் பார்த்துக்கொண்டது. விற்றவருக்கும் வாங்கியவர் யாரென்று கேட்கும் கடமை அப்போது இல்லை.

"கெட்டவன் எப்படியும் திருடிக்கொள்வான்" என்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2011இல் துப்பாக்கி வாங்கப்போன இளைஞன் ஒருவனை மாநில அரசு தகுதியற்றவன் என்று தடுத்தது. சட்டம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. 2013 ஜூனில் சான்டா மோனிகாவில், அரைகுறைக் கூட்டிலிருந்து உருவாக்கிய துப்பாக்கியோடு வந்து அவன் ஐந்து பேரைக் கொன்றான். முன்வாசலில் விரட்டப்பட்டவனுக்குப் பின்வாசல் திறந்திருந்தது.

ஜெர்மனியின் ஹாலே நகரில் 2019 அக்டோபரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். யூத ஆலயத்துக்குள் புகுந்து கொல்ல வந்தவனிடம் வீட்டில் செய்த துப்பாக்கிகள் இருந்தன. ஆலயக் கதவு அவனை உள்ளே விடவில்லை. வெளியே அவன் இருவரைக் கொன்றான். ஆனால் துப்பாக்கி திரும்பத் திரும்பச் சிக்கிக்கொண்டதால் வேறு சிலர் பிழைத்தார்கள். வேலை சுத்தமில்லாததால் தப்பிய உயிர்கள் அவை. யார் செய்தாலும் சுத்தமாக வரும்படி செய்வதுதான் எளிய மெஷினின் பெருமை என்றால், அந்தப் பெருமை எனக்கு அச்சத்தையே தருகிறது.

வரிசை எண் இல்லாத இத்தகைய 'பேய்த் துப்பாக்கிகள்' 2017இல் சுமார் 1,600, யாருடையவை என்று தடம் காணக் காவல்துறையினரால் மத்திய அரசுக்கு அனுப்பப்பட்டன. 2021இல் அது 19,000ஐத் தாண்டியது. 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, உதிரிபாகத் தொகுப்புகளுக்கும் வரிசை எண்ணும் வாங்குபவர் பற்றிய பின்னணிச் சோதனையும் வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அந்த விதியை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியாக அறியப்பட்ட நீதிபதி கோர்சச். ஒரு தொகுப்பை முன்பின் பார்த்திராத ஒருவர் 21 நிமிடத்தில் துப்பாக்கியாக்கிவிட்டதை அவரே குறிப்பிடுகிறார். இருபத்தொரு நிமிடம்! எங்கள் பட்டறையில் வைஸை நேர் பார்க்கவே சில நாள் அவ்வளவு நேரம் ஆகும்.

பொழுதுபோக்காகச் செய்பவர்களின் உரிமை இதனால் பறிபோகிறது என்ற கூக்குரலை என்னால் ஏற்க முடியவில்லை. செய்யாதே என்று யாரும் சொல்லவில்லை. பெயரைச் சொல், சோதனைக்கு நில், எண் பொறித்ததை வாங்கு என்கிறார்கள். கடையில் வாங்குபவர் இதையெல்லாம் செய்துவிட்டுத்தான் வாங்குகிறார்.

அந்தத் தீர்ப்பு தொகுப்புகளைப் பற்றியது. மெஷின் அப்படியே நிற்கிறது. துப்பாக்கி செய்வதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட சிஎன்சி மெஷின்களை உரிமம் இல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2022இல் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் அதைச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. இதனால் பொதுவான மில்லிங் மெஷின் வைத்துப் பிழைக்கும் பட்டறைக்காரருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. துப்பாக்கிக்காகவே விளம்பரம் செய்து விற்கப்படும் பெட்டி எது என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.