பூங்காவில் பைக் நிறுத்தினால் 200 ரூபாவா?

"அடுத்த மாதம் முதல் வன்னியில் எல்லாப் பூங்காக்களிலும் மோட்டார் சைக்கிளுக்கு 200 ரூபா, கட்டாவிட்டால் பொலிஸ் தண்டம்" என்று வட்சப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது பிழை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம் போடும் முறையே இல்லை. உள்ளூராட்சி சபைக்குரிய பூங்காவென்றால் அந்தந்தச் சபைதான் தீர்மானிக்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, பிரதேச சபை உபவிதி (தன் பகுதிக்குச் சபை போடும் விதி) கொண்டுவந்தால் அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும், வர்த்தமானியிலும் வரவேண்டும். சுற்றும் தகவலிலோ கடித இலக்கமில்லை, திகதியில்லை, சபையின் பெயர்கூட இல்லை. பொலிஸ் தண்டம் போக்குவரத்துக் குற்றத்துக்கு எழுதுவது. தரிப்பிடக் கட்டணம் வேறு.

சரி, வாசலில் யாராவது காசு கேட்டால்? பற்றுச்சீட்டைக் கேளுங்கள். சபையின் பெயர், தொடர் இலக்கம், திகதி இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமென்றால் சபை அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும்.

இதை நம்பி, பின்னேரம் ஊஞ்சலாடக் காத்திருக்கிற பிள்ளைகளை வீட்டில் இருத்திவிடாதீர்கள். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பவேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் "அது பிழையான தகவல்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.