சும்மா இருக்கேனா நான்?

மாசாமாசம் 15ஆம் தேதி, கவர்மெண்டு பொம்பளைங்களுக்கு போடுற மகளிர் உரிமைத் தொகை மெசேஜ் வந்துச்சுன்னா போதும், எங்க வீட்ல ஆளாளுக்கு பேச்சு ஆரம்பிச்சிரும். இந்த தடவ, சின்னவனுக்கு சோறு ஊட்டிக்கிட்டு இருக்கேன், கொழுந்தனார் வந்து நின்னு "மதினிக்கு என்ன, ஒக்காந்த எடத்துலயே 1000 ரூவா வந்துருது"ங்கிறாரு. ஒக்காந்த எடத்துலயாம்! காலைல நாலரைக்கு எந்திரிச்சவ அப்பத்தான்யா மொத தடவ தரையில ஒக்காந்தேன், அதுவும் பிள்ளைக்கு ஊட்ட.

நான் கம்பத்துக்காரி. கம்பம்மெட்டு மலை ஏறி கேரளால இருக்குற வண்டன்மேடு பக்கம் ஏலக்கா தோட்டத்துக்கு வருசக்கணக்கா போனவ. காலைல 6 மணிக்கு ஜீப்புல அடைச்சு ஏத்திட்டு போவாங்க, திரும்பி வர பொழுது எறங்கிரும், விரல் இடுக்குல ஏலக்கா கறை எத்தன சோப்பு போட்டாலும் போகாது, ஆனா நாளுக்கு 400 ரூவாயாச்சும் கையில நிக்கும். சின்னவன் பெறந்ததும் நின்னுட்டேன். 6 மணிக்கு எந்த அங்கன்வாடி தொறந்திருக்கு சொல்லுங்க? மாமியாருக்கு வேற பக்கவாதம், ஒரு கை வெளங்காது, அவுகள யாரு எந்திரிச்சு ஒக்கார வைக்கிறது?

இப்ப கணக்கு பாருங்க. 1000 ரூவாங்கிறது எனக்கு ரெண்டரை நாள் கூலி, அம்புட்டுதான். சிலிண்டர் ஒண்ணுக்கே பெரும்பகுதி போயிரும், மிச்சத்துல மாமியாருக்கு சுகர் மாத்திரை வாங்குறதா, பெரியவளுக்கு நோட்டு வாங்குறதா, பாலுக்கு குடுக்குறதா? 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்ப 1000, ரெண்டு வருசம் ஆகி 2025லயும் அதே 1000தான். இனாம்னா பேர் வெச்சாங்க? உரிமைன்னுதான வெச்சாங்க, அப்ப அரிசி பருப்பு ஏறுறப்ப அதுவும் ஏற வேணாமா?

வேணாம்னு சொல்லல. எம்பேர்ல வர்ற ஒரே காசு அது. போன மாசம் நடுராத்திரி சின்னவனுக்கு இழுப்பு வந்து ஆட்டோ பிடிச்சு ஓடுனது அந்தக் காசுலதான், யார்கிட்டயும் கை நீட்டல. அதனாலதான் அத ஓசின்னு சொல்றப்ப வயிறு எரியுது.

வீட்டுல இருக்குற பொம்பள வண்டியில அடிபட்டு செத்தா அவ வேலைக்கும் ஒரு வருமானம் போட்டுத்தான் நஷ்டஈடு கணக்கு பண்ணணும்னு சுப்ரீம் கோர்ட்டே 2021ல சொல்லியிருக்கு. செத்தா வேலை, உசுரோட செஞ்சா சும்மாவா?

கொழுந்தனாரே, நாளைக்கு காலைல நான் ஜீப் ஏறிர்றேன். உங்க அம்மாவ குளிப்பாட்டி துணி மாத்தி, சின்னவனுக்கு மூணு வேள ஊட்டி, பெரியவள பள்ளிக்கூடத்துல விட்டு கூட்டிட்டு வந்து, பாத்திரத்தையும் கழுவி கவுத்துருங்க. சாயங்காலம் வந்து ஒரு நாள் கணக்குக்கு 33 ரூவா எண்ணி உங்க கையில வைக்கிறேன்.