கலினாகோ மக்கள் அழிந்துவிடவில்லை

‘கொலம்பஸ் வந்தபின் கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பேரழிவு நடந்தது உண்மைதான். ஆனால் டொமினிக்காவில் (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு, குழப்பிக்கொள்ள வேண்டாம்) கலினாகோ மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். மலையும் காடுமான அந்தத் தீவே அவர்களுக்கு அரணாக இருந்தது. 1903இல் கிழக்குக் கரையில் சுமார் 3,700 ஏக்கர் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. நிலம் சமூகத்துக்குப் பொது; தனியாள் விற்க முடியாது. லரூமா என்ற நாணலைக் கீறிக் காயவைத்துக் கூடை முடைகிறார்கள். இரண்டு அடுக்குக்கு நடுவே அகன்ற இலையை வைத்துப் பின்னிவிட்டால் மழைநீர் உள்ளே இறங்காது. அப்புறம், 2023இல் அந்நாட்டின் அதிபரான சில்வானி பர்ட்டன் யார்? கலினாகோ பெண்தான்.